மூக்கை மறைத்துத் தூங்கிய உள்ளான்

குரு என்றதும் தாடியையும் கமண்டலத்தையும் தேட வேண்டாம். இந்தக் கதையின் குருவுக்கு வயது நாற்பத்தேழு. பெயர் மங்கையர்க்கரசி. வேதாரண்யத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆய்வக உதவியாளர். வாரத்தில் ஆறு நாள் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி அடுக்குவார். ஏழாம் நாள் முழங்கால் சேற்றில் நின்று பறவை பார்ப்பார்.

சீடருக்கு வயது அறுபத்திரண்டு. பெயர் கலியமூர்த்தி. திருத்துறைப்பூண்டியில் மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவரான மங்கையர்க்கரசியை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார். டீச்சர் இவரை ‘அண்ணே’ என்பார். யார் குரு, யார் சீடர் என்பதில் இருவருக்கும் குழப்பம் வந்ததில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் கலியமூர்த்தி மின்கம்பத்தில் இருந்த ஒரு காக்கைக் கூட்டை எடுக்க வேண்டியதாயிற்று. கூட்டில் நான்கு முட்டைகள் இருந்தன. தூக்கிப் போட மனசு வராமல், டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்துக் கல்லூரிக்கு எடுத்துப் போனார். பொரிக்க வைக்க ஏதாவது மிஷின் உண்டா என்று கேட்டார். மிஷின் எல்லாம் இல்லை என்ற டீச்சர், டிபன் பாக்ஸைப் பார்த்துவிட்டு, இதில் மூன்றுதான் காக்கை முட்டை, நான்காவது குயிலுடையது என்றார். கம்பத்தடியிலேயே காலத்தை ஓட்டிய மனிதருக்கு இது தெரியாமல் போய்விட்டதே என்று வெட்கமாகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சேற்றில் நின்றார்.

ஐந்து வருஷம் ஒரு ஞாயிறு தவறாமல் வந்தார். டீச்சரிடம் கற்றுக்கொண்ட பத்துப் பன்னிரண்டு பேரில் அவருக்குத்தான் கண் கூர்மை. முப்பது வருஷம் கீழே நின்றபடியே, மேலே கம்பி தாங்கும் பீங்கானில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்துப் பழகிய கண் அது.

பிறகு மூன்று வருஷம் அவர் வரவில்லை.

மனைவி செங்கமலத்துக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பகலுக்கு மட்டுமா, ராத்திரிக்கும் சேர்த்தா என்று டாக்டர் சொல்லவில்லை. கலியமூர்த்தியும் கேட்கவில்லை. செல்போனில் அலாரம் வைத்தார்.

மூன்று வருஷமாக அந்த அலாரம் அடிக்கிறது. செங்கமலத்தின் உடம்பில் ஒரு புண் கிடையாது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும், உன்னைக் கோயில் கட்டித்தான் கும்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள். ஒரே ஒரு ராத்திரி நான் இருந்து பார்த்துக்கொள்கிறேன், நீ போய்ப் படு என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரே மகன் மஸ்கட்டில் இருந்தான். வீடியோவில் அழுவான்.

தை பிறந்து ஒரு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை டீச்சர் போன் செய்தார்.

“அண்ணே, ஒரு உள்ளான். எனக்குச் சந்தேகமா இருக்கு. நீங்க வந்து பாத்தா தேவலாம்.”

எந்த உள்ளான் என்று கலியமூர்த்தி கேட்கவில்லை. டீச்சர் சந்தேகப்பட்டு அவர் பார்த்ததில்லை. அப்படியானால் அது ஒன்றுதான்.

கரண்டிமூக்கு உள்ளான். ஈரச் சேற்றில் இரை பொறுக்கும் பறவை, சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். மற்ற உள்ளான்களுக்கு மூக்கு குச்சி மாதிரி இருக்கும். இதற்கு மட்டும் நுனி சப்பையாக, குழந்தைக்கு மருந்து புகட்டும் கரண்டி மாதிரி இருக்கும். உலகத்தின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் காலத்துக்குத் தெற்கே இறங்கி வருகிற பறவை. உலகம் முழுக்கத் தேடினாலும் சில நூறுதான் மிச்சம் என்கிறார்கள். டீச்சர் காட்டிய படத்தை முதல் முதலாகப் பார்த்த நாளிலிருந்து கலியமூர்த்திக்கு அதன் மேல் ஒரு பைத்தியம். ஐந்து வருஷம் ஒவ்வொரு தை மாசமும் தேடினார். கிடைக்கவில்லை.

டீச்சரின் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அபூர்வமான பறவை என்றால் ஒருவர் பார்த்தது செல்லாது. இரண்டு சோடிக் கண் பார்க்க வேண்டும். இருவரும் தனித்தனியாகச் சொல்லி, இரண்டும் ஒத்துப்போனால்தான் நோட்டில் ஏறும். டீச்சரே ஏற்படுத்திய வழக்கம்தான். ஆனால் அவருக்கும் அதிலிருந்து விலக்குக் கிடையாது. வியாழக்கிழமை அந்தி வெளிச்சத்தில், தனியாக, தூரத்தில் அவர் அதைப் பார்த்திருந்தார்.

கலியமூர்த்தி மன்னார்குடியில் இருந்த கொழுந்தியாள் தையல்நாயகியைக் கூப்பிட்டுக் கெஞ்சினார். ஒரு ஞாயிறு, சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் அக்காவைப் பார்த்துக்கொள், அதற்குள் வந்துவிடுகிறேன் என்றார். அவள் வந்தாள். எப்போது என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்காக இரண்டு பக்கம் எழுதி வைத்துவிட்டு விடியற்காலைப் பஸ்ஸைப் பிடித்தார்.

டீச்சர் உப்பளத்துக்குப் பிரியும் மண் ரோட்டில், தோளில் டெலஸ்கோப்போடு நின்றிருந்தார். கலியமூர்த்தியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூன்று வருஷம் கழித்துப் பார்க்கும் மனிதரிடம் எப்படி இருக்கீங்க என்று கேட்பதுதான் ஊர் வழக்கம். டீச்சர் கேட்கவில்லை. பையைக் கொடுங்க, நான் தூக்கிக்கிறேன் என்றார். கலியமூர்த்தி கொடுக்கவில்லை.

உப்பளத்து வரப்பில் இரண்டரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஒரு காலத்தில் இந்த வரப்பில் அவர் டீச்சருக்கு முன்னால் ஓடுவார். இன்றைக்குக் காலை எடுத்து வைக்கவே உடம்பு மறுத்தது. கண்ணுக்குள் மண் விழுந்த மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. வலது பக்கம் பாத்தி முழுக்கப் பூநாரைகள் நின்றன. முந்நூறு இருக்கும், நானூறு கூட இருக்கலாம். நின்றன, அவ்வளவுதான். அவருக்கு நின்று பார்க்கத் தோன்றவில்லை.

அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. பாதி வழியில் வாயைத் திறந்தார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“செங்கமலத்துக்கு ஒரு குறையும் வைக்கல நான்.”

“தெரியும்.”

“அலாரம் அடிச்சா எந்திரிக்கிறேன். புரட்டுறேன். தொடைக்கிறேன். ஆனா உள்ளுக்குள்ள ஒண்ணும் இல்ல டீச்சர். கட்டில் காலைத் தொடைக்கிற மாதிரி இருக்கு. போன வாரம் அவ அழுதா. ஏன் அழுவறேன்னு கேக்கத் தோணல. துணியை மாத்திட்டுப் போய்ப் படுத்துட்டேன். முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவ.”

டீச்சர் நடந்துகொண்டிருந்தார்.

“மனுஷனுக்கு அன்பு தீந்து போயிடுமா டீச்சர்?”

“இந்த இடத்துல வழுக்கும். ஓரமா வாங்க,” என்றார் டீச்சர்.

கலியமூர்த்தி ஓரமாக வந்தார். அவருக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் சொல்ல ஆரம்பித்ததை நிறுத்த முடியவில்லை. மகன் தஞ்சாவூரில் ஒரு ஹோம் பார்த்து வைத்திருப்பதைச் சொன்னார். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வைத்துப் பார்க்கிற இடம். நல்ல இடம்தான். இந்த மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அன்பில்லாத புருஷன் கையால் தொடுவதைவிட, வேலைக்கு வந்தவளின் கை தேவலாம் என்று தோன்றுகிறது என்றார்.

“அதுக்குத்தான் இன்னைக்கு வந்தேன். அந்தக் குருவியைப் பாத்தா எனக்கு மனசு ஒரு துள்ளுத் துள்ளணும். துள்ளுச்சுன்னா உள்ள இன்னும் உசுரு இருக்கு, அவளை நானே வச்சுப் பாத்துக்குவேன். துள்ளலைன்னா தீந்து போச்சுன்னு அர்த்தம். தஞ்சாவூருக்குச் சரின்னு சொல்லிடுவேன்.”

ஒரு சின்ன உள்ளானின் தலையில் இவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றிவிட்டு அவர் மூச்சு வாங்கினார். டீச்சர் டெலஸ்கோப்பைத் தோள் மாற்றிக்கொண்டார்.

அப்போது போன் அடித்தது. தையல்நாயகி. அக்கா கஞ்சியை வாயிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள், விழுங்க மாட்டேன் என்கிறாள் என்று பதறினாள். கலியமூர்த்தி நடந்துகொண்டே, இன்னொரு கரண்டி வைக்காதே, தாடைக்குக் கீழே கட்டைவிரலால் மேலிருந்து கீழாக மெதுவாகத் தடவு, இடது பக்கம் தடவு, வலது பக்கம் அவளுக்குத் தெரியாது என்றார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். விழுங்கிட்டாளா, சரி, என்று வைத்துவிட்டார். டீச்சர் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு முன்னால் பார்த்து நடந்தார்.

சேற்று வெளியை அடைந்தபோது ஒன்பது மணி. கடல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏறினால் உள்ளான்களுக்கு இரை கிடைக்காது. சேறு முழுகிவிடும். மிச்சம் இருக்கும் மேட்டில் எல்லாம் கூடி நின்று, தண்ணீர் வடியும் வரை தூங்கும். அன்றைக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு திட்டு. ஒரு கூடம் அளவுக்கு இருக்கும். அதன் மேல் ஐந்நூறு உள்ளான்களாவது ஒண்டிக்கொண்டு நின்றன.

வரப்பில் டெலஸ்கோப்பை நிறுத்திவிட்டு, கலியமூர்த்தி கண்ணை வைத்தார். கண் பழைய கண்தான். கொசு உள்ளான், கொசு உள்ளான், கொசு உள்ளான் என்று சாதாரண வகையை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். கால் மணி நேரம் கழித்து ஒன்றிடம் நின்றார்.

“இடது ஓரத்துலேந்து ஆறாவது. தலை கொஞ்சம் பெருசா இருக்கு. நெத்தி வெளுப்பு.”

டீச்சர் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

“அதுதான்னு நெனைக்கிறேன். மூக்கைப் பாத்தாத்தான் சொல்லலாம்.”

மூக்குத்தான் தெரியவில்லை. அது ஒற்றைக் காலில் நின்று, தலையைப் பின்னால் திருப்பி, மூக்கை முதுகு இறகுக்குள் செருகிக்கொண்டு தூங்கியது. மூக்கை மறைத்துவிட்டால் கரண்டிமூக்கு உள்ளானுக்கும் கொசு உள்ளானுக்கும் சாமானியத்தில் வித்தியாசம் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்த பறவை, அறுபத்திரண்டு வயது மனிதரின் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில், மூக்கை மூடிக்கொண்டு தூங்கியது.

பத்து மணிக்கு அலாரம் அடித்தது. கலியமூர்த்தி சட்டென்று நிமிர்ந்து இரண்டடி நடந்துவிட்டார். எதிரே தண்ணீர்தான் இருந்தது. திரும்பி வந்து அலாரத்தை அமுக்கினார். அணைத்தே வைத்துவிட்டால் அடுத்தது மறந்து போகும் என்று முணுமுணுத்துவிட்டு, மறுபடி டெலஸ்கோப்புக்குப் போனார்.

பத்தரை. பதினொன்று. உள்ளான் அசையவில்லை. மூன்றரைக்குக் கிளம்பினால்தான் ஆறு மணிக்கு வீடு சேர முடியும். கலியமூர்த்திக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

“டீச்சர், ஒரே ஒரு தடவை கையைத் தட்டுறேன். தலையைத் தூக்கும். ஒரு வினாடி போதும் எனக்கு.”

“வேண்டாம்.”

“ஒரு வினாடிதான்.”

“அஞ்ஞூறும் கிளம்பிடும். இறங்க வேற மேடு இல்ல. தண்ணி வடியற வரைக்கும் பறந்துக்கிட்டே இருக்கணும். ஒடம்புல ஒண்ணும் இல்லாம வந்திருக்கு அண்ணே, வேண்டாம்.”

அதற்கு மேல் டீச்சரிடம் பேச முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் மனசு சமாதானமாகவில்லை. அதற்காவது ஒரு டீச்சர் பரிந்து பேசுகிறார், என் உடம்பில் என்ன இருக்கிறது என்று ஒருத்தர் பார்த்ததுண்டா என்று நினைத்தார். நினைத்துவிட்டு, ஒரு கையகலப் பறவையோடு போட்டி போடும் அளவுக்கு வந்துவிட்டோமே என்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவர்கள் வழக்கப்படி ஆளுக்கு அரை மணி நேரம் மாற்றி மாற்றி டெலஸ்கோப்பில் கண் வைத்தார்கள். பதினொன்றரைக்குக் கலியமூர்த்தியின் முறை வந்தது. டீச்சர் டெலஸ்கோப் நின்ற முக்காலியின் காலைக் குட்டையாக்கி, வரப்பின் சரிவில் சாக்கை விரித்து, உட்கார்ந்தே பாருங்க என்றார். வெயில் ஏறியிருந்ததால் குடையை விரித்துப் பிடித்தார். காற்று தண்ணீர்ப் பக்கமிருந்து வந்தது.

“டீச்சர், காலையில ஒண்ணு கேட்டேனே.”

“ஞாபகம் இருக்கு. குருவியைப் பாருங்க.”

பார்த்தார். பார்க்க ஒன்றுமில்லை. சாம்பல் நிற முதுகு ஒன்று. உற்றுப் பார்த்தபோது அந்த முதுகு லேசாக ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தது. மூச்சு. இதை அவர் நன்றாக அறிவார். புரட்டிப் படுக்க வைத்தபின் செங்கமலத்தின் மூச்சு சீராகும் வரை கட்டில் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் அவர் போய்ப் படுப்பது. ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. இருபது வரை எண்ணினார். விட்டுப்போயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார்.

“இதோ வந்துட்டேன், வந்துட்டேன்.”

தன் குரலிலேயே கலியமூர்த்தி விழித்தார். கை பக்கத்தில் எதையோ துழாவியது. மண் தட்டுப்பட்டது. சாக்கின் மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தலைக்கு அடியில் டீச்சரின் பை இருந்தது. முகத்துக்கு மேல் குடை. கன்னத்தில் எச்சில் ஒழுகிக் காய்ந்திருந்தது.

எழுந்து உட்கார்ந்தார். எதிரே தண்ணீர் இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் ஈரச் சேறு மின்னியது. திட்டும் இல்லை, சேற்றோடு சேர்ந்துவிட்டது. உள்ளான்கள் தொலைவில், அடையாளம் தெரியாத புள்ளிகளாக மேய்ந்துகொண்டிருந்தன. வெயில் மேற்கே சாய்ந்திருந்தது.

டீச்சர் குடையைப் பிடித்தபடி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். கலியமூர்த்தியின் செல்போன் அவர் மடியில் இருந்தது.

“மணி என்ன?”

“மூணு.”

“அலாரம் அடிக்கலையா?”

“ரெண்டு தரம் அடிச்சுது. அமுக்கிட்டேன். நடுவுல உங்க கொழுந்தியா பேசுனாங்க. வீட்டுல ஒரு குறையும் இல்லையாம்.”

“குருவி?”

“ஒண்ணரைக்குத் தண்ணி வடிஞ்சுது. எந்திரிச்சு ஒடம்பை உதறிட்டு, சேத்துல இறங்குச்சு. நமக்கு நேரா, முப்பது அடியில வந்து நின்னுது. கால் மணி நேரம் மேஞ்சுது. அப்புறம் கூட்டத்தோட போயிடுச்சு.”

“மூக்கு?”

“கரண்டிதான்.”

கலியமூர்த்திக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோபம் வந்தது. இந்த மூன்று வருஷத்தில் அவருக்கு எதன் மேலும் கோபம் வந்ததில்லை. வருகிற அளவுக்குத் தெம்பு இருந்ததில்லை. இப்போது வந்தது காது மடல் சுடுகிற கோபம். எழுந்து நின்றுகொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் குருவிடம் கத்தினார். கொழுந்தியாள் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஒரு நாள் வாங்கி வந்ததைச் சொன்னார். எதற்காக வந்தேன் என்று தெரிந்தும் சும்மா உட்கார்ந்திருந்தீர்களே, இது என்ன நியாயம் என்று கேட்டார். எட்டு வருஷமாக அந்த மூக்குக்காகக் காத்துக் கிடந்ததைச் சொன்னார். பக்கத்துப் பாத்தியில் நின்ற இரண்டு கொக்குகள் எழும்பிப் போயின.

டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கும்தானே போச்சு? பாத்தது ஒரு ஆளு. நோட்டுல எழுத முடியுமா?”

“முடியாது.”

“எழுதலையா?”

“எழுதல.”

நோட்டு மூடியபடி டீச்சரின் பக்கத்தில் கிடந்தது. பேனா அதன் மேல் இருந்தது. கலியமூர்த்திக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

“இப்ப வீட்டுக்குப் போயி அவகிட்ட நான் என்னத்தைச் சொல்லுவேன்? ஒலகத்துலயே சில நூறுதான் இருக்கு, அது வந்து முப்பது அடியில நின்னுச்சு, நான் பக்கத்துலயே கொறட்டை விட்டுட்டுக் கெடந்தேன்னா?”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

முன்பெல்லாம் ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், சட்டையைக் கூடக் கழற்றாமல் செங்கமலத்திடம் பறவைக் கதை சொல்வார். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்பாள். பாதி கதையில் கிண்டல் செய்வாள். அவள் படுத்த பிறகும் கொஞ்ச நாள் எதையாவது சொல்லிப் பார்த்தார். அப்புறம் நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது. ஒரு வருஷம் இருக்கும். மருந்து, கஞ்சி, புரளு என்பதற்கு மேல் அந்த அறையில் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது அவளிடம் சொல்ல ஒன்று இருந்தது. அவர் குறட்டை விட்ட கதை. அதைச் சொன்னால் அவள் என்ன செய்வாள் என்று அவருக்குத் தெரியும். வாயின் இடது பாதி மேலே போகும். வலது பாதி அப்படியே இருக்கும். குழறிக் குழறி, நல்லா வேணும் என்பாள். அந்த அரைச் சிரிப்பு அவர் கண் முன்னால் வந்து நின்றது. அதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசையாக இருந்தது. பஸ் இப்போதே கிளம்பினால் தேவலாம் போல இருந்தது. அறுபத்திரண்டு வயது மனிதர் சேற்று வெளியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

டீச்சர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கலியமூர்த்தி வாங்கிக் குடித்தார். பசித்தது. பசி என்பது எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. டீச்சர் எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். நின்றபடியே நான்கு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். மூன்றே கால் ஆகியிருந்தது. டெலஸ்கோப்பை மடக்கி, சாக்கைச் சுருட்டினார்.

இப்போது அவர் குரலில் சண்டை இல்லை. ஆனால் கேட்காமல் கிளம்பவும் முடியவில்லை.

“தோளைத் தொட்டு ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாமே டீச்சர்.”

டீச்சர் குடையை மடக்கப் போனார். மூன்றரை மணி நேரம் ஒரே நிலையில் பிடித்திருந்த கை மடங்க மறுத்தது. இன்னொரு கையால் அதைப் பிடித்து மெதுவாக இறக்கிக்கொண்டார்.

“குருவி வியாழக்கிழமையும் வந்துச்சு. அடுத்த வருஷமும் வந்தாலும் வரும். உங்க தூக்கம் மூணு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் வந்து உக்காந்துச்சு. அதைப் போய் யாராவது கலைப்பாங்களா அண்ணே?”